நேற்றைய காற்று

என் மனைவிக்கு வீசிங் உண்டு. குளிர்காலத்தில் போனில் காற்றின் தர எண்ணைப் பார்த்து, எங்கள் ஜனக்புரியில் அது பச்சையாக இருந்தால்தான் பார்க்குக்கு நடக்கப் போவாள். அந்த எண்ணைப் போடுவது எங்கள் ஆபீஸ். டில்லியில் பல மொட்டைமாடிகளில் இருக்கும் கருவிகளிலிருந்து தினமும் ஃபைல்கள் வரும். அவற்றை இணையத்தில் ஏற்றுவது என் வேலை.

ஒரு நாள் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டுப் போனவள், பாதிச் சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். இன்ஹேலர் அடித்து மூச்சு திரும்பியதும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க ஆபீஸ் எந்த ஊர் காத்தைப் போடுது?"

ஜன்னலுக்கு வெளியே ஒரே புகை. முந்தின நாள் மழை பெய்து காற்று சுத்தமாக இருந்தது. இன்று அப்படி இல்லை என்று மூக்குள்ள எவனுக்கும் தெரியும். பிறகு அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் இருக்கும் ஆபீஸுக்குக் கோபத்தோடுதான் போனேன். கூட வேலை செய்யும் பெண் டில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். "எரர் எதுவும் வரலையே அண்ணா, எல்லாம் டீக்கா, சரியாத்தான் ஓடுது" என்றாள். எரர் வராததுதான் எனக்கு எரிச்சல்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர் எழுதிய புரோகிராம் அது. ஃபைலின் பெயரைப் படித்து, அதே பெயரில் அந்த நேரத்திலேயே ஒரு மாறியை, அதாவது அளவைப் போட்டுவைக்க ஒரு பெட்டியை, உண்டாக்கும். ஜனக்புரி ஒன்று, சரோஜினி நகர் ஒன்று என்று எல்லாம் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். புரோகிராமை மறுபடி கிளப்ப நேரமாகும் என்பதால், மானிட்டர் மேல் 'அணைக்காதே' என்று சீட்டு ஒட்டி நாள்கணக்கில் ஓடவிட்டிருந்தார்கள். அன்று ஜனக்புரி ஃபைல் வரவே இல்லை. முந்தின நாள் மாறி மட்டும் உள்ளே அப்படியே இருந்தது; அதையே இன்றைய காற்று என்று ஏற்றிவிட்டது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஆள் மாற்றலாகிப் போன பிறகும் பெயர்ப்பலகை தொங்குமே, அப்படி.

எனக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கு எந்தெந்த இடத்து ஃபைல் வந்தது என்று இந்தப் புரோகிராமிடமே கேட்க முடியுமா? முடியாது. எது வந்தது, எது வரவில்லை என்று அதற்கே தெரியாது.

அந்த மாறிகள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியலாக ஒரு டிக்‌ஷனரி வைத்தேன். இடத்தின் பெயர்தான் தேடும் சாவி, அளவு அதற்குள். காலையில் காலியாகத் தொடங்கும், வந்தது மட்டும் உள்ளே போகும். சோதித்துப் பார்க்க சரோஜினி நகர் ஃபைலை வேண்டுமென்றே ஒளித்து வைத்து ஓட்டினேன். அப்படி ஒரு சாவியே இல்லை என்று திரை சிவப்பாகக் கத்தியது.

"அச்சா, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுது" என்றாள் அந்தப் பெண்.

அந்தக் கத்தலைப் பிடித்து, 'தகவல் இல்லை' என்று காட்டும்படி மாற்றினேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. வெற்றிடம் காட்டினால் ஆபீஸுக்கு அசிங்கமாம். புகையைப் பச்சை என்று காட்டியது அசிங்கமில்லையா என்று ஹிந்தியிலேயே கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

மறுநாளும் ஜனக்புரி கருவி சரியாகவில்லை. மனைவி போனை நீட்டி, "என்ன, ஒண்ணும் போடல?" என்றாள்.

"எங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம்."

அவள் ஜன்னலைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தாள். சட்டென்று சாத்திவிட்டு, ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடக்கத் தொடங்கினாள்.