மேசைக்கு முன்னால் யார் பேசுவது

பதுளையில் நான் படித்த தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வருடக் கடைசியில் தொழிற்சந்தை என்று ஒன்று வைப்பார்கள். கம்பெனிக்காரர்கள் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவார்கள். நாங்கள் மேசை மேசையாகப் போய்ப் பேச வேண்டும். ஏதாவது ஒரு கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால்தான் சான்றிதழ். எடுக்காவிட்டால் படித்த வருடம் போனதுதான்.

கூடப் படித்தவர்களுக்கு அது ஒரு வருடம். எனக்கு அதற்கு மேலே. எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பியதற்குப் பிறகு, ஒரே இடத்தில் நான் ஒரு வருடம் முழுசாக இருந்தது அதுதான் முதல் தடவை.

ஓ.எல். பரீட்சை எழுதாமலே மடுல்சீமையிலிருந்து கிளம்பியவன் நான். கொழும்பில் புடவைக் கடை, வெல்லவாயவில் வாழைத் தோட்டம், கல்முனையில் ஹார்ட்வெயார் கடை, மட்டக்களப்பில் பேக்கரி, திருகோணமலையில் ஐஸ் தொழிற்சாலை. எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழும்பியதும் போதும் என்று தோன்றும், பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பட்டினி கிடந்திருக்கிறேன், மூடிய கடைகளின் படியில் படுத்திருக்கிறேன். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துப் படியிலும் ஆள் இருக்கும்.

ஐஸ் தொழிற்சாலையில் மட்டும் மெஷின் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே அந்தக் குழாய்கள் மட்டும் பனி பிடித்து வெள்ளையாக நிற்கும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் இருபத்தெட்டு வயதில், என்னை அங்கிள் என்று கூப்பிடத் தயங்காத பிள்ளைகளோடு, பிரிஜ்ஜும் ஏசியும் திருத்துகிற வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

சந்தைக்கு முந்தின மாதம் எங்களைத் தயார்ப்படுத்துவதற்கென்று ஒரு சேர் பாடம் எடுக்க வந்தார். பதுளை டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கொமினிகேஷன் கடையில் டைப் அடித்து எடுத்துக்கொண்டு போன என் சுயவிபரத்தை அவர் மேலிருந்து கீழே படித்தார்.

“என்ன அண்ணன் இது, சுயவிபரமா பஸ் போர்டா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். புடவைக் கடையும் ஐஸ் தொழிற்சாலையும் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள் என்றார். இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் வீட்டுக்கு உதவியாக இருந்தேன் என்று சொல்லும்படி சொல்லித்தந்தார். வீட்டுக்கு நான் உதவியாக இருந்த கதை எங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும்.

பிறகு மேசையும் கதிரையும் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேர்முகம் நடத்திப் பார்த்தார். டவுன் பிள்ளைகள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து மேசையிலிருந்து தள்ளி நின்றார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த ஒருவன், உட்காருங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் பரவாயில்லை சேர் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

“நிக்கிறது மரியாதைன்னு நீங்க நினைக்கிறீங்க,” என்றார் சேர். “பாக்கிறவங்க, இவன் கிளம்பப் போறான்னுதான் நினைப்பாங்க.”

அவருக்கு அது புதினம். எங்களுக்கு இல்லை. தோட்டத்து ஆபீசில் எங்களுக்குக் கதிரை கிடையாது, ஜன்னல்தான். அந்த ஜன்னலுக்கும் தனியாகப் போவதில்லை. பேர் பதிய வேண்டுமா, லீவு வேண்டுமா, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவர் முன்னால் போவார், நாம் பின்னால் நிற்போம். அவர் பேசுவார், நாம் தலையாட்டுவோம். அப்பா கொழுந்து லொறியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது, வலி எங்கே இருக்கிறது என்பதைக்கூடத் தலைவர்தான் மேனேஜர் தொரையிடம் சொன்னார்.

சந்தைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தார். இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். தொழிற்சந்தை என்றால் என்ன என்று விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“அங்க யாரு பேசுறது?”

“நான்தான்.”

அம்மா ரொட்டிக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“நீயே பேசிச் சேந்த வேலைய எல்லாம் நீயே விட்டுட்டு வந்த. ஒருத்தர் பேசி வச்சா, அவரு முகத்துக்காகவாச்சும் நிப்ப.”

எனக்குக் கோபம் வந்தது. இது தோட்டத்து ஆபீஸ் இல்லையம்மா, அங்கே அப்படியெல்லாம் இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, ரொட்டி சுடும்வரை நிற்காமல் பஸ்ஸுக்கு இறங்கினேன். மடுல்சீமை ரோட்டில் பஸ் குலுங்குகிற குலுக்கலில் கோபம் நிற்காது. பசறை வருவதற்குள் அம்மா சொன்னதில் பொய் ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தொடங்கியிருந்தேன்.

சந்தையன்று கூடப் படிக்கிற ஒருவனுடைய சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு போனேன். நான் குறி வைத்தது கொழும்புக்குப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குளிர்சாதனக் கம்பெனி. எங்கள் வகுப்பு முழுக்க அதைத்தான் குறி வைத்திருந்தது. மேசையில் ஒரு சிங்கள மிஸ் உட்கார்ந்திருந்தார். வரிசை நீளமாக இருந்தது. என் முறை வரப்போகும் நேரத்தில், முன்னால் நின்ற பிள்ளைகள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா வந்துகொண்டிருந்தார். கோயிலுக்குக் கட்டுகிற சேலை. அம்மாவுக்கு முன்னால் எங்கள் தோட்டத் தலைவர், வெள்ளைச் சட்டையில், ஆபீஸ் ஜன்னலுக்குப் போகிற அதே நடையில்.

தலைவர் வரிசையைப் பார்க்கவே இல்லை. எந்த மேசை என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கை எங்கே நீண்டிருந்ததோ அங்கே போய்விட்டார். மிஸ் அவரைத்தான் விண்ணப்பதாரர் என்று நினைத்திருக்க வேண்டும், சுயவிபரத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவருக்குச் சிங்களம் நன்றாக வரும். பிள்ளைக்குத் தங்க இடம் உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, மாடியில் ஏறி மெஷின் பூட்டும்போது விழுந்தால் யார் பார்ப்பது என்று வரிசையாகக் கேட்டார். கேட்டது எல்லாம் கேட்க வேண்டியதுதான். சேர் எங்களுக்குப் பாடமாக்கித் தந்த கேள்வி, உங்கள் நிறுவனத்தின் எதிர்காலத் திட்டங்கள் என்ன என்பது. எந்த இடத்தில் படுப்போம் என்று கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தலைவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஸ் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, இதற்கெல்லாம் ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் நாங்கள் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றார். தொரையிடம் அது எடுபடும், ஆள் வராவிட்டால் கொழுந்து மலையிலேயே முற்றிவிடுமே என்று அவர் பயப்படுவார். இங்கே என் பின்னால் ஒரு வகுப்பே நின்றுகொண்டிருந்தது.

மிஸ்ஸின் முகம் இறுகிவிட்டது. “இது சங்கக் கூட்டமில்லை,” என்றார். அடுத்த ஆள் வரட்டும் என்று கையைக் காட்டினார்.

எனக்கு வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே ரோடு, கொஞ்ச தூரத்தில் பஸ் ஸ்டாண்ட். மற்ற இடங்களில் காலையில் எழும்பியதும் தோன்றிய அதே ‘போதும்’ அங்கேயும் தோன்றியது. கால் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டது. அம்மா தலைவருக்குப் பின்னால், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மிஸ்ஸையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். விண்ணப்பதாரர் நான்தான். இவர் எங்கள் தோட்டத் தலைவர், அது என் அம்மா. எங்கள் ஊரில் வேலையை ஆள் தானே போய்க் கேட்கிற வழக்கமில்லை, மன்னிக்க வேண்டும். மிஸ் சுயவிபரத்தை வாங்கிப் பார்த்தார். புடவைக் கடைக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் இடையில் இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்றார். பாடமாக்கிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலில் வருகிற வீடு எனக்குப் பக்கத்திலேயே சேலை கட்டிக்கொண்டு நின்றது. நான் உண்மையான ஊர்களைச் சொன்னேன்.

“அப்படியானால் ஆறு மாதம் நிற்பீர்களா?”

“நிற்பேன் மிஸ். அம்மா நம்பவில்லை. அதனால்தான் தலைவரைக் கூட்டி வந்திருக்கிறார்.”

மிஸ் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். உங்கள் மகன் நிற்பாரா அம்மா என்று கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமினார். நான் அம்மாவிடம்தான் கேட்டேன் என்று மிஸ் அவரிடம் சொன்னார்.

அம்மா அதுவரை எந்த மேசைக்கு முன்னாலும் பேசியதில்லை. பஸ்ஸிலும் கடையிலும் பொறுக்கிய சிங்களத்தில் நாலைந்து சொல், மிச்சம் தமிழில், மெதுவாகச் சொன்னார்.

“தெரியாது மிஸ். நிப்பான்னு என்னால சொல்ல முடியாது. நிக்கிற வரைக்கும் ஒழுங்கா வேலை செய்வான்.”

எனக்கு முகம் எரிந்தது. மிஸ்ஸுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும் போலிருந்தது, அவர் சிரிக்கவில்லை. சுயவிபரத்தின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டு, தலைவர் கேட்டவற்றுக்கும் பதில் சொன்னார். விபத்துக் காப்புறுதி உண்டு. பகல் சாப்பாடு உண்டு. தங்க இடம் இல்லை, பிள்ளைகள் சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதி வர முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியும் என்றேன்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் தலைவர், எப்படிப் பேசினேன் பாத்தியா என்றார். அன்று சாயங்காலமே தோட்டம் முழுக்க, தான் பேசி எனக்கு வேலை எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டார் என்று கேள்வி. நான் மறுக்கவில்லை. அம்மாவும் மறுக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. நாலு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். அறையில் ஏசி இல்லை. பகலெல்லாம் ஊரார் வீடுகளைக் குளிர வைத்துவிட்டு இரவில் வியர்த்துக்கொண்டு படுக்கிறோம். போதும் என்கிற காலை இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை பையைக்கூட அடுக்கிவிட்டேன். பிறகு வேலைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எனக்குப் போன் எடுப்பார். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் பிறகுதான். “இப்ப எங்க இருக்க?” என்பார் முதலில். அறையில்தான் அம்மா என்பேன். பின்னால் மற்றவர்கள் பேசுகிற சத்தம் கேட்கிறதா என்று அம்மா கொஞ்ச நேரம் காது கொடுப்பது எனக்குத் தெரியும். நான் போனை அவர்கள் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வேன்.