காபிப் பழம் சிவப்பதற்குள்

குளிர்ந்த ஊரில் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்றொரு நம்பிக்கை சமவெளியில் நிலவுகிறது. ஏற்காட்டில் பல ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் என்ற முறையில், இதை முழுப் பொறுப்புடன் மறுக்கிறேன். குளிரில் பிள்ளைகள் நன்றாகத் தூங்குவார்கள். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் இருக்கும் முகத்தைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் தொழில். சக ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூடுபனி

ஒன்பதாம் வகுப்பில் மரகதம் என்றொரு மாணவி. பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். ஒருநாள் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே புகுந்தது. கையிலிருந்த பக்கமே தெரியாமல் எல்லோரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். மரகதம் மட்டும் நிறுத்தவில்லை.

அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். தோழி ஒருமுறை படிக்கக் கேட்டால் அப்படியே ஒப்பிப்பாள். நான் பதறிப்போய் அவள் அம்மாவை வரவழைத்துச் சொன்னேன். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அந்த அம்மா என்னைவிட நிதானமாக இருந்தார்.

"நீங்களே சொல்லிப்போட்டீங்க. படிப்பு வரலீன்னா, பழம் செவந்ததும் என்கூட வேலைக்கு வரட்டுமுங்க."

வேலியோரம்

அன்று முதல் பள்ளிக்குப் போகும் வழியில், வேலியோரக் காபிச் செடிகளை நின்று பார்க்கலானேன். பச்சை. இன்னும் பச்சை. பிறகு ஒரு கொத்தில் மட்டும் மஞ்சள். ஏற்காடே பழுக்கக் காத்திருந்தபோது, பழுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேலையாட்களுக்கு ஆஜர் போடும் எஸ்டேட் ரைட்டர் இதைக் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க சார், தோட்டம் ஏதாச்சும் வாங்கற யோசனைங்களா?"

ஜீப்

மஞ்சக்குட்டையிலிருந்து மரகதமும் மற்ற பிள்ளைகளும் ஷேர் ஜீப்பில் வருவார்கள். அந்த நேரம் வீணாகிறதே என்று ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்தேன். வளைவில் திரும்பும் ஜீப்பில் தலையைக் குனிந்து எழுத்தைப் பார்த்தால் வயிறு என்ன செய்யும் என்பதை நான் யோசிக்கவில்லை. டிரைவர் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"நீங்க புத்தகம் குடுக்கறீங்க, நான் ஜீப்பைக் களுவறேன். நொம்ப நல்ல கதையா இருந்தா எறங்கி நின்னு படிக்கச் சொல்லுங்க சார்!"

ஜமீன்தாரின் பால்

கடைசியாக, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த ஒரு துப்பறியும் தொடர்கதையை மதிய இடைவேளைகளில் வாசித்துக் காட்டினேன். ஜமீன்தார் பாலைக் குடித்துச் சாய்ந்தார். விஷம் வைத்தது யார் என்று துப்பறிபவர் நீளமாக விளக்க வாயைத் திறக்கும் இடத்தில் மூடி, புத்தகத்தை மரகதத்திடம் நீட்டினேன். "மீதியை நீ படித்துச் சொல்." அவள் சூடான பாத்திரத்தைப் போல அதை வாங்கி, என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அவள் இடம் காலி. பழம் சிவந்துவிட்டிருந்தது.

சில நாள் கழித்து அவள் அம்மா வாசலில் நின்றார். டி.சி. கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். விஷயம் வேறு. பழம் பறிக்கும்போது பெண்கள் வரிசைக்கு வரிசை கதை பேசுவது வழக்கம். மரகதம் ஜமீன்தாரைக் குரல் மாற்றிச் சொல்லியிருக்கிறாள், நான் நிறுத்திய இடம் வரைக்கும்.

"எவளும் வேலை செய்ய மாட்டீங்கறாளுங்க சார். பாலுல வெசம் வெச்சது ஆருங்க?"

பாறை மேல்

எனக்கு விடை தெரியும். ஆசிரியன் விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தவம் என்று உங்களுக்குத் தெரியும். புத்தகத்தை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு, அது திரும்பி வருமா என்ற கவலையில் அந்த வாரம் முழுக்க வகுப்பில் எதை நடத்தினேன் என்பதே நினைவில்லை.

டீ நேரத்தில் மரகதம் பாறைமேல் உட்கார்ந்து, சுற்றிலும் பெண்கள் நெருக்க, எழுத்தெழுத்தாகக் கூட்டியிருக்கிறாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். அடுத்த திங்களன்று அவளைப் பையோடு முன்னால் தள்ளி நிறுத்தினார் அம்மா.

"இவ பங்கை எங்க வரிசையே பறிச்சுக்குமுங்க. வெரசாப் படிக்கக் கத்துக்குடுங்க. இந்த வேகத்துல போனா, கொன்னவன் ஆருன்னு தெரியறதுக்குள்ள சீசனே முடிஞ்சு போயிருமுங்க!"

வாசிப்பை வளர்ப்பது எப்படி என்று நான் உட்கார்ந்து கேட்ட பயிற்சி முகாம்கள் எதிலும், நடுவில் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கதை நினைப்பிலேயே பறித்ததில், அந்த வாரம் கூடைகளில் பச்சைக் காய் நிறையக் கலந்து வந்ததாகப் புகார் சொல்லி எஸ்டேட் ரைட்டர் பள்ளிக்கு ஆள் அனுப்பினார்.