குட்டியானைக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

தம்பானூரில் நான் மத்தியானம் சாப்பிடும் மெஸ்ஸில் நேற்று யாரோ மிளகாய் வற்றலைக் கருக்கிவிட்டார்கள். மேசைக்கு மேசை இருமல். நானும் இருமினேன், ஆனால் கண் வாசல் பக்கம் போனது, யானை திரும்பிப் போகிறதா என்று. தம்பானூரில் ஆட்டோதான் திரும்பும். சிரிக்காதீர்கள், அந்த நெடி என்னை அப்படிப் பழக்கிவிட்டது.

விலங்கியல் படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், யானைகளை வீடுகளுக்கு வராமல் தடுப்பது. யானைக்கு மோப்பம் அதிகம், மிளகாய் நெடி ஆகாது. பழைய இஞ்சின் ஆயிலில் மிளகாய்ப்பொடியைக் குழைத்துக் கயிற்றில் பூசி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிக் கட்ட வேண்டும். டவுனில், கிழக்கேகோட்டையில் கோயில் உற்சவ யானையை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். பூசிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு முதல் வாரம் முழுக்க அழுதேன்.

வந்தது ஒரு பெண் யானை, பின்னால் ஒரு குட்டி. கருக்கலில் பலாப்பழத்துக்காக வரும். நான் போவதற்குள் லயத்தில் இரண்டு சமையற்கட்டை இடித்திருந்தது. "இனி வந்தா வேலியில கரண்டு விட்டுருவோம் சாரே" என்று ஆண்கள் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? சுவருக்கு இந்தப் பக்கம் அவர்கள் பிள்ளைகள். ஆனால் அந்தக் குட்டியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கயிறு கட்டினேன், மழை கழுவியது. மறுபடி கட்டினேன், மறுபடி மழை. ஆனாலும் யானை வரவில்லை. வெறும் கயிற்றுக்கா யானை பயப்படும்? ஒன்றும் புரியவில்லை. புரியாமலேயே, கயிறு நல்ல பலன் தருகிறது என்று ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். வருகிற பெருமையை யார் வேண்டாம் என்பார்கள்?

மழை விட்ட ஒரு சாயங்காலம் பலாமரத்தடியில் புகை. கொழுந்து கிள்ளும் பேச்சியக்கா, லயத்தின் கடைசி வீட்டுக்காரி, சிரட்டைக் கனல் முன்னால் இருமிக்கொண்டு நின்றாள். கையில் உப்பு, மிளகாய் வற்றல், கொஞ்சம் மண். காட்டைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றிக் கனலில் போட்டாள்.

"என்னக்கா இது?"

"குட்டியோட காலடி மண்ணு சாரே, டப்பாவுல எடுத்து வெச்சிருக்கேன். கரண்டு விடணும்னு சொன்னாங்கல்லா, அன்னைக்கே அதுக்குக் கண்ணு பட்டுப்போச்சு. தெனமும் சுத்திப் போடுறேன், மழன்னா திண்ணையில வெச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தும்பிக்கைய தானே மிதிச்சு விழும் சாரே, கண்டிருக்கீங்களா? இன்னொரு தடவ பாக்கணும். ஏன்தான் வரல்லியோ. வருமா சாரே?"

கயிறு செய்யாததை எது செய்தது என்று அப்போதுதான் விளங்கியது. சொன்னால் அக்கா நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் குட்டி வரும். வந்தால் வேலியில் கரண்டு.

"வரும்க்கா" என்றேன். அடுத்த வாரம் அரைக் கிலோ வற்றல் வாங்கிக் கொடுத்தேன். "சாருக்கும் குட்டி மேல பிரியந்தான்" என்று சந்தோஷப்பட்டாள். பாவி நான், தலையாட்டினேன். செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

வருஷம் பல ஆயிற்று. இப்போது லயத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. பேச்சியக்கா மகளோடு தென்காசிப் பக்கம் போய்விட்டாளாம். போனக்காட்டுக்கு பஸ் ஓட்டுகிற தெரிந்தவர் சொல்கிறார், கடைசி வீட்டு முற்றத்தில் தினமும் யானை நிற்கிறதாம், குட்டியும் கூடவாம். அந்தக் குட்டியா, அதன் குட்டியா, அவருக்குத் தெரியவில்லை. தும்பிக்கையை மிதித்து விழுகிறதா என்று கேட்டேன். விழுகிறதாம்.

அக்காவுக்குச் சொல்ல நம்பர் இல்லை. இருந்தாலும் என்னவென்று சொல்வேன்? மிளகாய் சுட ஆளில்லாமல் போனதால் வந்துவிட்டது என்றா?