வலிக்காத நெஞ்சு

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா தூலா, நின்ற இடத்திலேயே சரிந்து இறந்துபோனாள். நெஞ்சு வலிக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. உடலைப் பரிசோதித்த டாக்டரோ, அதற்கு முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து யாருக்கும் தெரியாமலே போயிருக்கிறது என்றார். தூலாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். அன்று தங்கை மெர்யாவைப் பிடித்த பயம் பிறகு விடவேயில்லை.

மெர்யா குயித்தினென் நுர்மெஸ் ஊரில் பஸ் ஓட்டினாள். பனி உறைந்த சாலையில் மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தாலும் அசராதவள், சுகாதார நிலையத்தின் வாசலைப் பார்த்தால் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் காபியும் ஏலக்காய் பன்னும். வயிறு ஸ்டீயரிங்கைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஒருநாள் கண்ணாடியில் பின்னங்கழுத்தைப் பார்த்தாள். வெல்வெட் துணி ஒட்டியது போல அங்கே தோல் கறுத்திருந்தது. தூலாவுக்கும் அதே இடத்தில் அதே கறுப்பு இருந்தது. மெர்யா பிரஷ்ஷை எடுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"என்னடி, பழைய பெயின்ட சுரண்டற மாதிரி சுரண்டற?" என்றான் கணவன் ஹன்னு.

"அழுக்கு."

"அழுக்கா, தோலா? ரத்தம் வருது பாரு."

மறுநாளிலிருந்து காலர் வைத்த சட்டைதான் போட்டாள்.

கனரக வண்டி ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க உடற்பரிசோதனை கட்டாயம் என்று வந்தபோது தப்பிக்க வழியில்லாமல் போனது. ரத்த முடிவைப் பார்த்த நர்ஸ் ஔலிக்கி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சர்க்கரை எல்லையைத் தாண்டிடுச்சு மெர்யா. உன் உடம்புல இன்சுலின் சுரக்குது. ஆனா அது சொல்றத உடம்பு கேக்கல. கேக்கலயேன்னு இன்னும் இன்னும் சுரக்குது. கழுத்துக் கறுப்பு அதோட அடையாளம். இப்படியே போனா ரத்தக்குழாய் கெட்டுப்போகும், இதயத்துக்கு ஆபத்து."

மெர்யா கேட்டது ஒன்றுதான். "ஏதாவதுன்னா நெஞ்சு வலிக்குமில்ல? வலிச்சா தெரியுமில்ல?"

ஔலிக்கி பொய் சொல்லத் தெரியாதவள். "எல்லாருக்கும் வலிக்காது. சர்க்கரைல நரம்பு மரத்துப் போயிருந்தா வலி வராமலும் போகலாம். காரணமில்லாம வேர்க்கும், மூச்சு வாங்கும், குமட்டும், தாடை கனக்கும். அப்ப சும்மா இருக்காதே, கூப்பிடு."

மாத்திரை, நடை, சாப்பாட்டு மாற்றம் எல்லாவற்றையும் மெர்யா ஒழுங்காகச் செய்தாள். பன்னை விட்டாள். ஆனால் ஔலிக்கி சொன்ன அந்த வார்த்தைகள் அவளுக்குள் வேலை செய்தன. வேர்த்தால் பயம், ஏப்பம் வந்தால் பயம். தலையணையில் காதை வைத்தால் இதயம் துடிப்பது கேட்கும். அது ஒரு துடிப்பைத் தவற விடுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒருநாள் மாலை சௌனா என்ற நீராவி அறையில் குளித்துவிட்டு வந்தவளுக்குப் படபடப்பு நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஒன்றுமில்லை. சில வாரத்தில் கடையில் தலை சுற்ற, மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸில் வந்திருந்த இளைஞன் நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி ஒயர்களைக் கழற்றும்போது மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது.

வீட்டில் ஹன்னு, "பேசாம ஆம்புலன்ஸுக்கு நம்ம முற்றத்துலயே ஒரு ஷெட்டு கட்டிரலாம்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு மெர்யா தன் பயத்தைப் பற்றி அவனிடம் சொல்வதையே விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு முற்பகல். நீச்சல்குளத்துக்குப் போகும் முதியவர்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். வெளியே கடுங்குளிர். அவள் முதுகில் வியர்வை வழிந்தது. தாடையில் யாரோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலிருந்தது. நெஞ்சில் வலியே இல்லை. இதுவும் பயம்தான், வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டு ஒன்றுமில்லை என்றால் ஊர் சிரிக்கும். கைகள் ஸ்டீயரிங்கில் வழுக்கின. பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த எல்லோருடைய உயிரும் அந்தக் கைகளில் இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

முன்சீட்டில் இருந்த லெம்பி கிழவி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா மெர்யா, மூஞ்சி ஏன் மாவு மாதிரி வெளுத்திருக்கு?"

"ஒண்ணுமில்ல லெம்பிம்மா. சூடு."

"இந்தக் குளிர்லயா சூடு? நிறுத்து வண்டிய."

"போய்ச் சேர்ந்துடலாம்மா..."

"எங்க போய்ச் சேர்றது? எங்களுக்கு நீச்சல் ஒண்ணும் ஓடிப்போகாது. நிறுத்துடி!"

அந்த அதட்டலில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பனிக்குவியலை உரசிக்கொண்டு பஸ் நின்றது. மெர்யா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மறுபடியும் ஒண்ணுமில்லன்னு சொல்வாங்க லெம்பிம்மா, சிரிப்பாங்க" என்று அழுதாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும். பல்லு இருக்கறவங்க சிரிக்கறாங்க" என்று சொல்லியபடியே லெம்பி ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை ஒயர்களை மாட்டியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு சுருங்கியது. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மெர்யா வண்டியின் கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். தூலாவுக்கு இவ்வளவு நேரம்கூடக் கிடைக்கவில்லையே என்று நினைத்தாள். சாகக் கூடாது, சாகக் கூடாது என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

இதயத்துக்குப் போகும் ஒரு குழாய் ஏறக்குறைய முழுக்க அடைத்திருந்தது. அதைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாலையில் வந்த ஹன்னு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகியபடி, "அந்த ஷெட்டுப் பேச்ச நான் பேசியிருக்கக் கூடாது" என்றான். மெர்யா அவன் விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பல மாதம் கழித்து, டாக்டர்கள் சரி என்ற பிறகுதான் மறுபடி பஸ் ஓட்டத் தொடங்கினாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. சில நாள் கையெல்லாம் சில்லிட்டுப் போகும். அப்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி ஔலிக்கிக்குப் போன் போடுவாள்.

"பயமா இருக்கு. பயம் மட்டும்தானான்னு தெரியல."

"அத நான் வந்து பாத்துச் சொல்றேன். நீ அங்கயே இரு" என்பாள் ஔலிக்கி.