நூர்சிமாவின் வயலும் நான்கு சாக்குகளும்

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பூப்பலகை நிற்கிறது. 'டத்துக் மாராஜோவின் தமக்கை மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்' என்று பிளாஸ்டிக் பூக்களால் எழுதியிருக்கிறார்கள். அனுப்பியவர் பெயர் பெரிய எழுத்தில், தம்பியின் 'டத்துக்' என்ற குலத் தலைவர் பட்டம் அதைவிடப் பெரிய எழுத்தில். செத்தவளின் பெயரைப் பலகையின் முதுகில்கூடத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அவள் பெயர் நூர்சிமா. என் மாமியார். மாமியாருக்காகக் கோபப்படும் மருமகன் எங்கள் மினாங்கபாவ் நாட்டில்கூட அபூர்வம்தான். இருக்கட்டும், எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கணவன் என்பவன் மனைவி வீட்டில் விருந்தாளி. நானும் வெகு காலமாக விருந்தாளிதான். சோறு உண்டு, சொல் கிடையாது. நிலத்தைப் பற்றிச் சபையில் பேசுவது தாய்மாமன் வேலை. அதாவது பேச்சு அவருடையது, சேறு பெண்களுடையது.

நூர்சிமாவின் சேறு சாகோ மலையடிவாரத்தில் இருந்தது. ஓடை பாயும் கீழ் வயல். குலச் சொத்து என்பதால் விற்க முடியாது. அடகு வைக்கலாம், அதுவும் நான்கே காரணங்களுக்காக: குலத் தலைவனுக்குப் பட்டம் சூட்ட, பெரிய வீட்டின் கூரை ஒழுகினால், வளர்ந்த பெண் கல்யாணமாகாமல் நின்றால், அடக்கத்துக்கு வழியில்லாமல் வீட்டில் பிணம் கிடந்தால். அடகுக்குப் போன வயல் திரும்பி வந்ததை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் முன்னோர்கள் இந்த நான்கைத் தவிர மற்ற கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டுப் போனார்கள். அவள் தம்பி டத்துக்கோ அந்த நான்கையும் கடைப் பலகாரப் பட்டியல் போலப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் பட்டம். அவருக்கே சூட்டிய பட்டம்தான்.

"அக்கா, எருமை வெட்டி மூணு நாள் விருந்து வைக்கணும். இல்லேன்னா ஊரு சிரிக்கும். கீழ் வயல அடகு வச்சிடலாம்."

"பட்டம் உன் தலைக்கு, வயல் போறது என் தலையிலயா? எருமதானே வேணும்? கொட்டில்ல நிக்குது, வெட்டிக்க."

அவளிடம் இருந்தது ஒரே ஒரு உழவு எருமை. அதை ஊர் ரெண்டாங் கறியாக்கித் தின்று ஏப்பம் விட்டது. அந்தப் போகத்தில் அவளும் இரண்டு பெண்களும் மண்வெட்டியால் வயலைக் கொத்தினார்கள். மேடான் நகரத்துக்குப் பிழைக்கப் போன கணவர் அங்கேயே இன்னொரு குடும்பத்தைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தார், அவர் வரவில்லை. புதிய தலைவரும் வேட்டியில் சேறு படும் என்பதால் வரவில்லை. பிறகு ஒரு எருமைக் கன்று வாங்கி வளர்த்தாள். அதற்கு 'டத்துக்' என்று பெயர் வைத்தாள். "டத்துக், நட! டத்துக், சாணியப் போட்டுட்டு நிக்காத!" என்று அவள் கத்துவது சாலை வரை கேட்கும்.

கூரை ஒழுகுகிறதென்று தம்பி வந்த நாளில் அவளே ஏணி போட்டு ஏறி, தகரத்தை அடித்துவிட்டு இறங்கி வந்து, "இப்ப எங்க ஒழுகுதுன்னு நீ வந்து நனைஞ்சு காட்டு" என்றாளாம். அதன் பிறகு மூத்த மகள் எல்ஃபிடாவுக்கு வயது ஏறிக்கொண்டே போவதைத் தம்பி பாசத்தோடு கவனிக்க ஆரம்பித்தார். நூர்சிமா வெற்றிலைத் தட்டோடு நேராக என் அம்மாவிடம் வந்து என்னைக் கேட்டாள். பலாக்காய்க் குழம்போடு கல்யாணம் முடிந்தது. என்னை ஏன் பிடித்தது என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன்.

"செலவு கம்மி" என்றாள்.

மிச்சம் ஒரு காரணம். அதற்கு அவள் சாக வேண்டும்.

வியாழக்கிழமை விடியும்போது செத்தாள். கண்ணை மூடிவிட்ட கை காய்வதற்குள் டத்துக் வந்தார். கொஞ்சம் அழவும் செய்தார், அதை மறுக்கவில்லை. பிறகு சொன்னார்: "என் மவன் ஜகார்த்தாலேர்ந்து வரணும். சாயங்காலம் வரைக்கும் யாரும் தூக்கக் கூடாது. ஏழு நாள் ஓதணும், ஊருக்குச் சோறு போடணும். வீட்டுல பிணம் கெடக்கு, வழி இல்ல. நான் போய்ப் பெரியவங்களக் கூட்டிட்டு வரேன்."

பெரியவர்களோடு வேறு யாரைக் கூட்டிவரப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். நகரத்துக்காரர் ஒருவர் கீழ் வயலில் காப்பிக் கடை கட்ட அலைந்துகொண்டிருந்தார். பச்சை வயலைப் பார்த்தபடி காப்பி குடிக்கலாமாம். எந்த வயலை என்று கேட்காதீர்கள். வாழ்நாள் முழுவதும் எந்த வயலைக் காத்தாளோ, அந்த வயலுக்கு அவள் உடம்பையே சாவியாக்கப் பார்த்தார் கூடப்பிறந்தவர்.

அவர் போனதும் எல்ஃபிடா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். அம்மாவின் பெட்டியில் கற்பூர வாசனையோடு, உடலைச் சுற்றும் கஃபன் துணி தயாராக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வழக்கப்படி தலையில் அரிசிக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். நடு வீட்டில் அரிசி குன்று போலக் குவிந்தது. அவள் அதைப் பார்த்தாள், தங்கை ரிஸ்னாவைப் பார்த்தாள், கடைசியில் எங்களைப் பார்த்தாள். வாய் பேச உரிமையில்லாத வீட்டு மருமகன்களை.

"உடா, தோளு இருக்குல்ல?" என்றாள் என்னிடம். 'உடா' என்றால் அண்ணன்; இங்கே புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இருக்கு."

"அது போதும். குழி வெட்டுங்க. மதியத் தொழுகையோட அம்மாவக் கொண்டு போயிடணும்."

"டத்துக் கேட்டா?"

"விருந்தாளிங்க உங்களுக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரி சொன்னா, செஞ்சீங்க. அவ்வளவுதான்."

குளிப்பாட்டினார்கள். தொழுதோம். தூக்கினோம். இத்தனை காலம் எங்களை ஏவிய உடம்பு அவ்வளவு இலேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ரிஸ்னாவின் புருஷன் வழியெல்லாம் குழந்தை மாதிரி அழுதான்.

வெயில் சாயும்போது டத்துக் மூன்று பெரியவர்களோடும் காப்பிக் கடைக்காரரோடும் வந்தார். படியேறி உள்ளே எட்டிப் பார்த்தார். நடு வீட்டில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

"பிணம் எங்க?" என்றார்.

அக்கா எங்கே என்று கேட்கவில்லை. பிணம் எங்கே என்றார். என் காதால் கேட்டேன், எழுதி வைக்கிறேன்.

"எங்கம்மாவையா கேக்குறீங்க மாமா?" என்றாள் எல்ஃபிடா. "போயாச்சு. கடனில்ல, குறையில்ல. ஏழு நாள் சோத்துக்கு ஊரு அரிசி கொண்டாந்து கொட்டியிருக்கு. உங்க மவன் வந்தா அவனுக்கும் ஒரு தட்டு போடுறோம்."

டத்துக்கின் முகம் கறுத்தது. "என்னைக் கேக்காம எப்படி..."

மூத்த பெரியவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். "பிணம் இல்லாத வீட்டுல அடகப் பத்தி எங்களுக்கு என்னய்யா பேச்சு? நேத்தே சாவுச் சேதி சொல்லியிருந்தா தொழுகைக்காவது வந்திருப்போம்."

"இன்னிக்குத்தானே செத்தா" என்றார் டத்துக்.

"இன்னிக்குத்தான் செத்தா. ஆனா நீ இவர நேத்தே வரச்சொல்லிட்டியாமே, வர்ற வழியில உளறிட்டாரு" என்று காப்பிக் கடைக்காரரைக் காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

யாரும் கத்தவில்லை. எல்ஃபிடா தாய்மாமனுக்குத் தட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டார், மறுசோறும் வாங்கினார். அந்தத் தைரியத்தை நான் மெச்சுகிறேன்.

அடக்கம் செய்த இடத்துக்குக் கீழ் வயல் வரப்பு மேல்தான் நடந்து போக வேண்டும். நடவு தொடங்கிவிட்டதால் வரப்பெல்லாம் சேறு. டத்துக் இன்னும் அக்காவின் குழியைப் பார்க்கப் போகவில்லை.