என்னைக் கேட்காமல் செய்த பொருத்தனை

நான் நர்ஸ் ஆவது என்று முடிவானபோது நான் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எட்டாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தவள் நான். மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்களாம். அம்மா வெளியே நின்றுகொண்டு ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருக்கிறாள். குழந்தை பிழைத்தால் நர்ஸுக்குப் படிக்க வைத்து உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று. நான் பிழைத்துவிட்டேன். அதற்கப்புறம் என் எதிர்காலத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை, என்னைத் தவிர.

எனக்குப் பிடித்தது கணக்கு. பாங்க்கில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நோட்டு எண்ண வேண்டும் என்பதுதான் என் ஆசை. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே அம்மா வெள்ளைத் துணி வாங்கி வந்துவிட்டாள். வேங்கிக்காலில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. யூனிபார்மை அவளே தைத்தாள். அளவு கொடுக்கும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஊசி குத்தி விரலில் பொட்டு ரத்தம் வந்தாலே தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறவள், மகளை மட்டும் புண் கட்ட நேர்ந்துவிடுவாளாம்! ரத்த விஷயத்தில் நான் அப்படியே அவள் பெண் என்பது ஏன் அவளுக்குத் தோன்றவில்லை?

அதே மிஷன் ஆஸ்பத்திரியின் நர்ஸிங் கல்லூரியில் சேர்ந்தேன். தினமும் காலையில் ஜெபம். நோயாளியின் உடம்பில் கிறிஸ்துவைப் பாருங்கள் என்பார்கள். நான் உற்று உற்றுப் பார்த்தேன். புண்தான் தெரிந்தது. சீழ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். கட்டு மாற்றும் வேலை வந்தால் அறைத்தோழியிடம் தள்ளிவிட்டு, அவளுக்குப் பதிலாகப் படுக்கை விரிப்பேன். அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி, விவசாயக் குடும்பம், எதற்கும் அசர மாட்டாள். ஈஸ்டர் விடுமுறைக்குப் போனால் திரும்பி வரப் போவதில்லை என்று அவளிடம் மட்டும் சொன்னேன்.

“போறதுன்னா போ. உன் பச்சை பக்கெட்ட எனக்குக் குடுத்துட்டுப் போ,” என்றாள்.

பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் எங்கள் ஊரில் சிலுவைப் பாடுகளின் வாரமும் கிரிவலக் கூட்டமும் வருடம் தவறாமல் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்றே பௌர்ணமி. மதியம் கல்லூரிச் சிற்றாலயத்தில் பாதம் கழுவும் ஆராதனை, முடிந்ததும் அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்கு முதலுதவி முகாம் என்று ஏற்பாடு.

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, எங்கள் பிரின்சிபால் ஒவ்வொரு வருடமும் முதலாண்டு மாணவிகள் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். குலுக்குச் சீட்டில் என் பெயரும் வந்தது. முந்தின நாளே நாங்கள் எல்லோரும் காலைத் தேய் தேய் என்று தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டோம். கழுவிய காலைக் கழுவ எதற்கு ஒரு ஆராதனை என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். எனக்குப் பக்கத்தில் அறைத்தோழி. பிரின்சிபால் அவள் முன்னால் முட்டி போட்டதும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பெரியவர்கள் காலைச் சின்னவர்கள் தொட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

“ஐயோ மேடம், நீங்க என் காலைத் தொட்டா எனக்குப் பாவம் வந்துடும்.”

“காலைக் குடும்மா சீக்கிரம். எனக்கு முட்டி வலிக்குது,” என்றார் பிரின்சிபால்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அடுத்தது நான். சும்மா பேருக்குத் தண்ணீர் தெளிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். குதிகாலுக்கு வந்ததும் அவர் கை நின்றது. புது ஷூ கடித்து அங்கே தோல் உரிந்திருந்தது. “இதோட எத்தனை நாளா வார்டுல நிக்கறே?” என்று மெதுவாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் சேலை மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் நகர்ந்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஆராதனைக்கு நடுவில் அந்த அம்மா என் புண்ணைப் பார்த்திருக்கிறார். இத்தனை மாதம் நான் யாருடைய காலையாவது அப்படிப் பார்த்திருக்கிறேனா?

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மலைக்கு மேற்கே இருப்பதால் அடி அண்ணாமலையில் நிலா தாமதமாகத்தான் தலை காட்டும். அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. சாலை முழுக்கக் கால்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் கிரிவலக் கூட்டத்தை டிராபிக் என்று திட்டித்தான் பழகியிருக்கிறேன். தரையில் தண்ணீர் பேசினோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் மலைத்துப் போனேன். எத்தனை கால்கள்! வெடித்தவை, வீங்கியவை, மெட்டி போட்டவை, குழந்தையை இடுப்பில் சுமந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தவை. மதியமே புறப்பட்டவர்களைத் தார்ச்சாலை வாட்டி எடுத்திருந்தது.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், வயதான தன் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். சரக்கு வேன் ஓட்டுகிறவராம், வெறுங்காலில் நடந்து பழக்கமில்லை. உள்ளங்காலில் பெரிய கொப்புளம் உடைந்து, தோல் தொங்கி, அதற்குள் மண். நான் அறைத்தோழியைத் தேடினேன். அவள் எதிர்ப்பக்கம் ஒரு பாட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. கையுறையை மாட்டினேன். எதையாவது பேசினால் குமட்டல் தெரியாது என்று, “வேண்டுதலாண்ணா?” என்று கேட்டேன்.

“என் வேண்டுதல் இல்லம்மா, இவங்களுது. நான் கைக்குழந்தையா இருக்கறப்ப சாகக் கெடந்தேனாம். பையன் பொழச்சா வளந்து மலை சுத்துவான்னு வேண்டிக்கிட்டாங்க. வேண்டிக்கிட்டது அவங்க, காலு என்னுது.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. யார்மேல் வர வேண்டிய கோபமோ அந்தத் தாயின்மேல் வந்தது.

“ஏம்மா, நானே நடக்கறேன்னு நீங்க வேண்டிக்கக் கூடாதா? அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அந்தத் தாய் கோபித்துக்கொள்ளவில்லை.

“நான் நடக்கறது இன்னா பெரிசு கண்ணு, தெனம் கூலிக்குக் கழனிக்கு நடக்கறவதான? அன்னிக்கு எங்கிட்ட நெலமில்ல, கழுத்துல குண்டுமணித் தங்கமில்ல. இருந்தது இவன் ஒருத்தன். அவனும் பொழச்சு நிப்பானான்னு தெரியல. சாமிக்குக் குடுக்க வேற இன்னா இருந்துச்சு எங்கிட்ட?”

கண்ணாடிப் பெட்டிக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் இருந்த என்னைத்தான் பார்த்திருக்கிறேன். வெளியே வெறுங்கையோடு நின்றவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. சிலிர்ப்பு அடங்கிக் கீழே பார்த்தால், மண்ணெல்லாம் போய், மருந்து வைத்து, கட்டும் போட்டு முடித்திருந்தேன். குமட்டல் எப்போது போனதென்று தெரியவில்லை.

ஆனாலும் நான் பிடிவாதக்காரி. ஒரு காலைக் கழுவியதற்காக வாழ்நாளை எழுதிக் கொடுத்துவிட முடியுமா? வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

சனிக்கிழமை அம்மா ஈஸ்டருக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளை அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். “அம்மா, ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

“தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்தப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. புடிக்கலைன்னா வந்துடு. ஆண்டவர்கிட்ட நான் பேசிட்டேன்.”

“என்னன்னு பேசின?”

“உனக்குப் பதிலா நான் வர்றேன்னு. ஆஸ்பத்திரி ஆபீஸ்ல ஆயா வேலை கேட்டு வெச்சிருக்கேன். ஈஸ்டர் முடிஞ்சதும் வரச் சொன்னாங்க. பெட்பேன் கழுவறது, ரத்தத் துணி அள்றது, இதெல்லாம் நான் செய்யலாமில்ல?”

இந்த மனுஷியைத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேனே!

“நீயா? ரத்தத் துணியா? மொத நாளே வார்டுல விழுந்துடுவ. உன்னைத் தூக்க இன்னொரு ஆயா வேணும்.”

“விழுந்தா எழுந்துக்கறேன்,” என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி.

நான் உள்ளே போய் அழுதேன். கோபமாகத்தான் அழுதேன்.

திங்கட்கிழமை யூனிபார்மை மடித்துப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன் ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போனேன். ஆயா வேலை கேட்டிருந்த வேங்கிக்கால் தையல்காரம்மா வர மாட்டார், அவருக்குப் பதிலாக நான் வந்துவிட்டேன் என்று சொன்னேன்.