மதகுக் கைப்பிடி

எங்கள் வாய்க்கால் மதகை ஏற்றி இறக்கும் இரும்புக் கைப்பிடியைப் பண்ணையார் தன் நாற்காலிக்கு அடியில் போட்டு வைத்திருப்பார். பலகையை இறக்கினால் தண்ணீர் அவர் வயலில் ஏறும். ஏற்றினால்தான் கீழே கடைமடைக்கு, எங்கள் வயலுக்கு வரும். பண்ணையாரின் அந்த நிலத்தை உழுத என் அப்பா, குத்தகைதாரர் என்று சட்டப்படி பெயரைப் பதிந்துகொண்ட வருடம் அந்தப் பலகை ஏறவே இல்லை. கதிர் பால் பிடிக்கும் நேரம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா அவர் வாசலில் நின்றார். பின்னால் நான்.

“ஐயா, ரெண்டு நாளைக்குத் தூக்கி விடுங்க. பயிரு கருகுதுங்க.”

“நெலத்தச் சட்டம் குடுத்துச்சுல்ல? தண்ணியையும் அதுக்கிட்டயே கேளு.” நாற்காலியை விட்டு அவர் எழவே இல்லை.

அறுத்ததெல்லாம் பதர். அடுத்த போகத்துக்குள் அப்பா குத்தகை உரிமையைப் பண்ணையாருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் டீச்சராகி அதே வயலை விலைக்கு வாங்கியபோது அப்பா உயிரோடு இல்லை.

ஓய்வு பெற்றபின், பெரு நாட்டில் வேலை பார்க்கும் மகள் என்னை ஆண்டிஸ் மலையில் ஒரு பெரும் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனாள். பகலெல்லாம் பேருந்து ஏறியது. எனக்கு மூச்சு முட்டியது. பாதாளத்தில் ஆறு, சரிவு முழுக்கப் படிப்படியாக வயல்கள். மற்றவர்கள் கழுகு பார்க்க ஓடினார்கள். நான் வாய்க்காலைப் பார்த்து நின்றேன். பூத்தையல் தொப்பி வைத்த ஒரு பெண், தண்ணீர் முறை பார்க்க ஊர் நிறுத்தியவள், சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்: அங்கே கடைசி வயல் குடித்த பிறகுதான் தலை வயலுக்கு. அதுவரை மேல் வயல்காரர் தன் கண்ணெதிரே ஓடும் தண்ணீரைத் தொடக்கூடாது. அந்த ஊரின் அழகெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. வயிறு எரிந்தது.

ஊர் திரும்பியதும் பாசன சங்கத் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தேன். கடைமடைக்கே முதல் தண்ணீர் என்று தீர்மானம் போட்டோம். பண்ணையார் வீட்டைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது.

இந்தக் குறுவையில் பண்ணையாரின் மகன் வந்தார். நல்ல மனிதர்தான்.

“டீச்சர், ரெண்டு நாளைக்குப் பலகைய இறக்குங்க. பயிரு கருகுது.”

“கடைமடை நெறையட்டும் தம்பி.”

கடைமடை முந்தின நாளே நிறைந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். தலை குனிந்து நின்றார். என் மனம் இளகும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவர் அப்படி நின்றது இனித்தது. கைப்பிடி என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. நான் எழவில்லை.